ஐந்நூறு டாலரும் இலவச பேகலும் கோயம்புத்தூர் தோழியும்

கேள்வி: என் மகள் பென்சில்வேனியாவில் ஒரு சிறிய தனியார் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். 800 மீட்டர் ஓடுகிறாள். கல்லூரிக்குப் பக்கத்தில் பேகல் (வளைய வடிவ ரொட்டி) கடை வைத்திருப்பவர், செமஸ்டருக்கு 500 டாலரும் வாரம் ஒருநாள் இலவசச் சாப்பாடும் தருவதாகச் சொல்கிறார். பதிலுக்கு மாதம் இரண்டு இன்ஸ்டாகிராம் பதிவு போட வேண்டும், கடைச் சுவரில் அவள் படத்தை மாட்டிக்கொள்வார். கூட ஓடும் கோயம்புத்தூர்ப் பெண்ணையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டுமாம், அவளுக்கு 200 டாலர். இன்னொரு பக்கம் ஒரு விளையாட்டு உடை நிறுவனம், 120 டாலருக்கு முதல் கிட் வாங்கினால் அவளைத் 'தூதர்' ஆக்குகிறோம், அவளுடைய கூப்பன் கோடில் விற்பதில் 10 சதவீதம் தருகிறோம் என்கிறது. இதெல்லாம் அனுமதிக்கப்பட்டதுதானா? கல்லூரி உதவித்தொகை குறைந்துவிடுமா? பணத்தை என் கணக்கில் வாங்கிக்கொள்ளலாமா? தோழி மாணவர் விசாவில் இருப்பதால், அவள் பங்கையும் என் மகளே வாங்கி ரொக்கமாகக் கொடுத்துவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். அது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொலம்பஸ், ஒஹையோ

பதில்: வணக்கம் சார். நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அது சரியில்லை. இன்றைக்கே மகளுக்கு போன் போட்டு அந்த யோசனையை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் நூறு, இருநூறு டாலர் விஷயம், தவறினாலும் திருத்திக்கொள்ளலாம். இதில் தவறினால் அந்தப் பெண் கோயம்புத்தூருக்கே திரும்ப வேண்டிவரலாம்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர் அமெரிக்க மண்ணில் அனுமதியில்லாமல் வேலை செய்யக்கூடாது. வளாகத்துக்குள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம், படிப்போடு இணைந்த பயிற்சி வேலைக்குச் சிபிடி, படிப்பு முடிந்தபின் துறை சார்ந்த பயிற்சி வேலைக்கு ஓபிடி என்று சில வாசல்கள் உண்டு. பேகல் கடைக்குப் படம் எடுத்துக்கொள்வது அவற்றில் எதிலும் அடங்காது. கூலி காசாக இருந்தாலும் சாப்பாடாக இருந்தாலும் கூலிதான். இப்படி மாட்டிக்கொண்டால் விசா நிலை போகும். சாதாரணமாக நிலை இழந்தவர் அதை மீட்டுத் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம், ஆனால் அனுமதியில்லாத வேலை செய்தவருக்கு அந்த வழியையும் விதி அடைத்துவிடுகிறது. பிறகு எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு என்று எந்த மனு போட்டாலும் இந்தக் கேள்வி திரும்ப வரும். இருநூறு டாலருக்கு இது தேவையா?

ரொக்கமாகக் கொடுத்தால் யாருக்குத் தெரியும் என்று பிள்ளைகள் நினைப்பது இயல்பு. சுவரில் இரண்டு பேர் படம் தொங்குகிறது, இன்ஸ்டாகிராமில் இரண்டு பேரும் டேக் செய்யப்பட்டிருக்கிறார்கள், கடைக்காரர் கணக்கில் உங்கள் மகள் பெயரில் 500-க்குப் பதில் 700 எழுதியிருக்கிறது. இதைவிடத் தெளிவான சாட்சியை யாராலும் தயாரித்துத் தர முடியாது. அதோடு அந்த 200-க்கு வரி கட்ட வேண்டியவள் உங்கள் மகள் ஆகிவிடுவாள். காசே வாங்காமல் நட்புக்காக நின்றால்? நான் வரிக் கணக்காளர், குடியேற்ற வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் என் பெண்ணாக இருந்தால் அந்தப் படத்திலேயே நிற்க விடமாட்டேன். லாபத்துக்கு நடக்கும் கடையின் விளம்பரத்தில் சும்மா நின்றேன் என்பது வக்கீல் வைத்து நிரூபிக்க வேண்டிய சங்கதி.

அந்தப் பெண்ணுக்கு ஒரு வழியுமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். காங்கோவிலிருந்து வந்து கென்டக்கி பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய ஆஸ்கார் ஷிப்வேயும் மாணவர் விசாவில் இருந்தவர்தான். 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸுக்கு ஆடப் போனபோது தன் விளம்பர வேலைகளை அங்கேயே முடித்துக்கொண்டார். அமெரிக்காவுக்கு வெளியே செய்த வேலை என்பதுதான் அதில் சூட்சுமம். அதேபோல உங்கள் மகளின் தோழி கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, அங்கே இருந்தபடி ஒரு உள்ளூர்ப் பயிற்சி மையத்துக்கோ ஷூ கடைக்கோ விளம்பரம் செய்வது வேறு கதை. அதையும் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது. ஓட்டப் பயிற்சியாளர் "ஓகே, நோ ப்ராப்ளம்" என்றால் அது போதாது. அவருக்கு விளையாட்டு விதி தெரியும், விசா விதி தெரிய வேண்டிய அவசியமில்லை.

சரி, இப்போது உங்கள் மகள் விஷயம். அவள் அமெரிக்கக் குடிமகள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரி வீரர் தன் பெயர், உருவம், அடையாளம் இவற்றை வைத்துச் சம்பாதிப்பதைத்தான் இங்கே எல்லோரும் என்.ஐ.எல். என்கிறார்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் பெரிய அமைப்பான என்.சி.ஏ.ஏ., 2021 ஜூலை 1 முதல் இதை அனுமதிக்கிறது. அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? 2017-ல் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர் டொனால்ட் டி லா ஹே, தன் யூடியூப் சேனலில் வந்த விளம்பரக் காசை விடமாட்டேன் என்றதற்காக ஆடும் தகுதியையே இழந்தார். இன்று அதையே செய்தால் கல்லூரி தன் இணையதளத்தில் பெருமையாகப் போடும். காலம் அப்படி மாறியிருக்கிறது.

உங்களுக்குக் குழப்பம் தருவது செய்தித்தாளில் வரும் தொகைகளாக இருக்கும். என்.சி.ஏ.ஏ. மீது வீரர்கள் போட்ட 'ஹவுஸ்' வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு, பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை பகிர்ந்து கொடுக்கலாம். 600 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்களை ஒரு பொதுத் தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்றும் வந்தது. என்.சி.ஏ.ஏ. தன் கல்லூரிகளை மூன்று டிவிஷனாகப் பிரித்திருக்கிறது, அதெல்லாம் முதல் டிவிஷன் சமாச்சாரம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளின் கல்லூரி மூன்றாம் டிவிஷன். நாடு முழுவதும் நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இந்தப் பிரிவில் இருக்கின்றன, எதிலும் விளையாட்டுக்காக உதவித்தொகை கிடையாது. அவளுக்கு அந்தத் தளமும் வேண்டாம், அந்த ஒப்புதலும் வேண்டாம். ஆனால் கல்லூரிக்கென்று ஒரு கொள்கைத் தாள் இருக்கும், மாநிலச் சட்டமும் இருக்கிறது. கையெழுத்துக்கு முன்னாலேயே விளையாட்டுத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பதில் வந்தபின் செய்யட்டும். சிறிய கல்லூரிகளில் இதைப் பார்க்கவென்று தனி ஆள் இருக்கமாட்டார். தலைமைப் பொறுப்பில் இருப்பவரே இதையும் பார்ப்பார், பதில் வர ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. படத்துக்குக் கல்லூரி ஜெர்சியைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். கல்லூரியின் பெயரும் சின்னமும் கல்லூரியின் சொத்து, அனுமதி இல்லாமல் கடைச் சுவரில் மாட்ட முடியாது. சாதாரண ஓட்ட உடை போதும். அந்த ஊரில் அவளை யாரென்று தெரியாதவர்களா பேகல் சாப்பிட வரப்போகிறார்கள்?

உண்மையில் சிறிய கல்லூரிப் பிள்ளைகளின் பலம் இதுதான். இந்த வழியில் முதலில் சம்பாதித்தவர் என்று பரவலாகச் சொல்லப்படும் க்ளோயி மிட்சல், மிச்சிகனில் அக்வினாஸ் என்ற சிறிய கல்லூரியில் வாலிபால் ஆடியவர். அந்தக் கல்லூரி என்.சி.ஏ.ஏ.-விலேயே இல்லை. என்.ஏ.ஐ.ஏ. என்ற வேறு அமைப்பு, 2020 அக்டோபரிலேயே கதவைத் திறந்துவிட்டது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது வாலிபால்கூட இல்லை, தோட்டத்துக் கொட்டகையை அறையாக மாற்றிப் போட்ட டிக்டாக் வீடியோக்கள். மூன்றாம் டிவிஷன் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆடிய ஜாக் பெட்ஸும், நார்ஃபோக் ஸ்டேட்டில் ஆடிய ரேக்வான் ஸ்மித்தும் டஜன் கணக்கில் ஒப்பந்தம் பிடித்தவர்கள். இருவரும் தேசிய நட்சத்திரங்கள் இல்லை. யாராவது வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காமல் தாங்களே நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்டார்கள். ஒவ்வொன்றும் சில்லறைதான், சேர்ந்தால் கைச்செலவுக்கு ஆகும்.

பேகல் கடை ஒப்பந்தம் எனக்குப் பிடித்திருக்கிறது, காசு எவ்வளவு, வேலை எவ்வளவு என்று இரண்டுமே தெளிவாக இருப்பதால். உடை நிறுவனத்தின் 'தூதர்' பதவி பிடிக்கவில்லை. போட்ட 120 டாலரை 10 சதவீதக் கமிஷனில் திரும்ப எடுக்க அவள் 1,200 டாலருக்குத் துணி விற்க வேண்டும். யாரிடம் விற்பாள்? முதல் வாடிக்கையாளர் நீங்கள், இரண்டாவது நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தி, அப்புறம் கூட ஓடும் நாலு பிள்ளைகள். அத்தோடு சரி. விளம்பரம் செய்பவருக்கு நிறுவனம் காசு கொடுக்க வேண்டுமே தவிர, அவரிடமிருந்து வாங்கக்கூடாது. இப்படி ஆயிரம் பிள்ளைகளுக்குக் கிட் விற்றாலே அந்த நிறுவனத்துக்கு வியாபாரம் முடிந்தது. விட்டுவிடச் சொல்லுங்கள்.

இனி வரி. உங்களை மாதிரி கேட்பவர்கள் பெரும்பாலும் எதிர்பாராத இடத்தில்தான் இது இடிக்கிறது. செமஸ்டருக்கு 500 என்றால் ஆண்டுக்கு 1,000. வாரச் சாப்பாடு பத்து டாலர் வீதம் முப்பது வாரத்துக்கு 300. சாப்பாட்டுக்குமா என்று கேட்காதீர்கள், ஆமாம். பண்டமாகக் கொடுத்தாலும் அதன் சந்தை விலை வருமானம்தான். ஆக 1,300. படமெடுக்கவென்றே வாங்கிய ஸ்டாண்ட், விளக்கு என்று ஒரு நூறு டாலர் செலவு கழித்தால் நிகரம் 1,200.

இதற்கு மத்திய வருமான வரி பூஜ்ஜியம். உழைத்துச் சம்பாதித்த இந்த அளவு பணம் அவளுடைய நிலைக்கழிவுக்குள் (வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழித்துவிடும் தொகை, 2025-க்கு அதிகபட்சம் 15,750 டாலர்) அடங்கிவிடும். வளாக நூலகத்தில் வேலை பார்த்து ஒரு மூவாயிரம் வந்தாலும் அப்படியே. இதைக் கேட்டதும் எல்லோரும் "அப்போ ரிட்டர்ன் வேண்டாமே" என்று எழுந்துவிடுவார்கள். உட்காருங்கள். அவள் கடைக்கு ஊழியர் இல்லை, தனித் தொழில் செய்பவள். சுயதொழில் நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே ரிட்டர்ன் போட வேண்டும், சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) இரண்டுக்கும் சேர்த்து 15.3 சதவீதம் கட்ட வேண்டும். வேலை பார்ப்பவருக்கு இதில் பாதியை முதலாளி கட்டுவார், இங்கே முதலாளியும் அவளே. கணக்கு, நிகரத்தில் 92.35 சதவீதத்தின் மேல் போடப்படும். 1,200-க்குச் சுமார் 170 டாலர் வரும். ஷெட்யூல் சி, ஷெட்யூல் எஸ்.இ. என்று இரண்டு தாள் கூடுதல். மொத்த வரி பாக்கி 1,000 டாலருக்குக் கீழ் என்பதால் காலாண்டுக்கு ஒருமுறை முன்வரி கட்டும் தொல்லை இல்லை.

பென்சில்வேனியா தனிக் கதை. அந்த மாநிலத்தில் நிலைக்கழிவு என்பதே கிடையாது, முதல் டாலரிலிருந்து 3.07 சதவீதம். 33 டாலருக்கு மேல் வருமானம் இருந்தாலே தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது விதி. நான் சொல்வது எழுத்துப் பிழை இல்லை, முப்பத்து மூன்றுதான். ஒஹையோவுக்கும் பென்சில்வேனியாவுக்கும் பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறதே என்று உங்கள் அலுவலக நண்பர் சொல்லக்கூடும். அது சம்பளத்துக்கு மட்டும், சுயதொழிலுக்குப் பொருந்தாது. வெளிமாநிலத்தவராக அங்கே ஒரு ரிட்டர்ன், வரி சுமார் 37 டாலர். ஊரைப் பொறுத்து உள்ளூர் வருமான வரியும் சிறிது வரலாம். தொகையைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் போட்டுவிடுவதுதான் நிம்மதி.

கொடுத்த பணத்தை வரித்துறைக்குக் காட்டும் 1099-என்.இ.சி. படிவத்தைக் கடைக்காரர் தருவாரா என்றும் கேட்பீர்கள். 2025 வரை ஆண்டுக்கு 600 டாலர் கொடுத்தால் தர வேண்டும். 2026-ல் கொடுக்கும் பணத்திலிருந்து அந்த வரம்பு 2,000 ஆகிவிட்டது. அதனால் இனி உங்கள் மகள் மாதிரி பிள்ளைகளுக்குப் படிவமே வராது. படிவம் வராததால் வருமானம் இல்லை என்று ஆகாது. ஒரு நோட்டில் தேதி, தொகை, சாப்பாட்டு விலை மூன்றையும் அவளே எழுதி வைக்கட்டும்.

பணத்தை உங்கள் கணக்கில் வாங்கிக்கொள்ளலாமா என்றால், வேண்டாம். யார் உழைத்தாரோ வருமானம் அவருடையது, எந்த வங்கிக் கணக்கில் விழுந்தது என்பதை வரித்துறை பார்ப்பதில்லை. கடைக்காரர் உங்கள் எண்ணைப் போட்டு எழுதிக்கொண்டால் அது உங்கள் வருமானமாகப் பதிவாகி உங்கள் விகிதத்தில் வரி கேட்டு நிற்கும், அவளுக்குப் பூஜ்ஜியமாக இருந்த இடத்தில். கடைக்காரருக்கு வரி விவரம் எழுதித் தரும் டபிள்யூ-9 தாளில் அவள் பெயர், அவளுடைய சோஷியல் செக்யூரிட்டி எண், அவளுடைய கணக்கு. அவளை உங்கள் ரிட்டர்னில் சார்ந்தவராகக் காட்டுவது இதனால் கெடாது. 24 வயதுக்குள் முழுநேர மாணவியாக இருந்து, தன் செலவில் பாதிக்கு மேல் தானே ஏற்காதவரை காட்டலாம்.

உதவித்தொகை விஷயத்தில் இந்தத் தொகைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. மத்திய அரசின் கல்வி உதவிக்குப் போடும் ஃபாஃப்சா விண்ணப்பக் கணக்கில் பிள்ளையின் வருமானத்தில் ஒரு பகுதியைத் தொடவே மாட்டார்கள், 2025-26-க்கு அது 11,510 டாலர். அதற்கு மேல் போனால்தான் மிச்சத்தில் பாதியைக் குடும்பப் பங்காக எடுத்துக்கொள்வார்கள், அதுவும் இரண்டு வருடம் தள்ளித்தான். ஆனால் அவள் பெயரில் வங்கியில் சேர்ந்து கிடக்கும் பணத்தில் 20 சதவீதத்தைக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பது பலருக்குத் தெரியாது. சேமிப்பதானால் ராத் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கு திறந்து போடலாம், உழைத்த வருமானம் இருக்கும் பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு, ஃபாஃப்சாவும் அதைக் கேட்பதில்லை. கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தரும் உதவிக்கு மட்டும் அந்தக் கல்லூரிக்கே உரிய கணக்கு இருக்கலாம், உதவித்தொகை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத் தாளை நீங்கள் அனுப்பவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு மல்யுத்தப் பையன், உள்ளூர் ஜிம் ஒன்றுக்கு 300 டாலருக்குப் படம் கொடுத்தான். தாளில் 'நிறுவனமும் அதன் வாரிசுகளும் காலவரையின்றி' என்று ஒரு வரி இருந்தது. ஜிம் கைமாறியது, வந்தவர் அதை வேப் கடையாக்கினார், பையன் படம் ஜன்னலிலேயே நின்றது. எடுக்கச் சொல்லிப் பயிற்சியாளர் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். எடுக்க வேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை. பெரிய இடத்திலும் இது நடக்கிறது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜெர்வான் டெக்ஸ்டர், 2022-ல் சுமார் 4,36,000 டாலர் வாங்கிக்கொண்டு, தன் தொழில்முறைச் சம்பளத்தில் 15 சதவீதத்தை 25 வருடத்துக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு அதை ரத்து செய்யக் கோரி வழக்குப் போட வேண்டிவந்தது.

அதனால் பேகல் கடைத் தாளில் மூன்று இடத்தைப் பாருங்கள். படத்தை எதுவரை பயன்படுத்தலாம்: இந்தக் கல்வியாண்டு முடியும்வரை, இந்தக் கடையில் மட்டும். வேறு யாருக்கு விளம்பரம் செய்யக்கூடாது: பேகல் கடைகளுக்கு என்றால் சரி, 'எந்த உணவு நிறுவனத்துக்கும்' என்று இருந்தால் வேண்டாம். வெளியே வர வழி: இரண்டு பக்கமும் 30 நாள் அறிவிப்பு. நல்ல கடைக்காரர் இதற்கெல்லாம் மறுக்கமாட்டார். பதிவு போடும்போது விளம்பரம் என்று தெரியும்படி எழுத வேண்டும், ஓசிச் சாப்பாட்டுக்குப் போடும் பதிவுக்கும் இது பொருந்தும்.

அடுத்து புரோட்டீன் பவுடர்க்காரர்கள் வருவார்கள், ஓட்டக்காரர்களைத் தேடி நிச்சயம் வருவார்கள். டப்பாவில் எழுதாத பொருள் உள்ளே இருந்து ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் பொறுப்பு அவளுடையது. 'என்.எஸ்.எஃப். சர்ட்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்' முத்திரை இல்லாத எதையும் வாயில் போடவும் வேண்டாம், கையில் பிடித்துப் படமெடுக்கவும் வேண்டாம்.

கடைக்காரருக்கு எழுத வேண்டியதை உங்கள் மகளே எழுதட்டும் சார், நீங்கள் எழுத வேண்டாம். படத்தில் தான் ஒருத்திதான் என்பதை அதில் முதல் வரியாகப் போடச் சொல்லுங்கள். காரணம் கேட்டால், தோழிக்கு விசா விதி இடம் தரவில்லை என்று ஒரு வரி போதும். அந்தப் பெண் வீட்டாரிடம் உங்களுக்குப் பேச்சு உண்டென்றால், கோடை விடுமுறை டிக்கெட் போடும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஊரில் செய்யும் விளம்பர வேலை பற்றிக் கேட்டுவிடும்படி அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.